‘இச்சொல் இல்லை’ என்னும் முடிவு: பகிர்நிலைக் கணினிக் கொத்தில் தமிழ்ச் சொல்லடைவாக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் பனுவல்கள் பெருமளவில் மின்னுருப் பெற்றுள்ள இக்காலத்தில், ஒரு சொல் குறிப்பிட்ட நூலிலோ காலத்திலோ பயின்று வரவில்லை என்னும் முடிவைக் கணினித் தேடலின் துணைகொண்டு கூறும் வழக்கம் பெருகி வருகிறது. அத்தேடலுக்கு அடிப்படையாக அமைவது சொல்லடைவு. பனுவல்தொகை பெரிதாகும்போது அவ்வடைவு ஒரே கணினியில் அமையாமல் பல கணினிகளில் பகுக்கப்படுகிறது. அவ்வாறு பகுக்கப்பட்ட அடைவில் ‘கிடைக்கவில்லை’ என்னும் விடைக்குப் பனுவலில் சொல் இல்லாமை ஒன்றே காரணமாகாது. எழுத்துக் குறியீட்டு வேறுபாடு, சொல்லெல்லைப் பிழை, அடைவுத் துண்டின் செயலிழப்பு ஆகியனவும் அதே விடையைத் தரும். இவற்றை வேறுபடுத்தி அறியும் முறையையும், அடைவாக்கத்திற்கு முன்பே இலக்கண நிலையில் செய்யப்பட வேண்டிய தீர்மானங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொல்லடைவு, தலைகீழ் அடைவு, கணினிக் கொத்து, அடைவுத் துண்டு, ஒருங்குறி, புணர்ச்சி, வகையுளி.

1. முன்னுரை

சொல்லாய்வில் உடன்பாட்டுச் சான்றும் எதிர்மறைச் சான்றும் ஒத்த தன்மையன அல்ல. ஒரு சொல் ஒரு நூலில் உண்டு என நிறுவ ஓரிடம் காட்டினாலே போதும். இல்லை என நிறுவ நூல் முழுவதையும் பார்த்தாக வேண்டும். நூல்களின் கால வரையறை, இடைச்செருகல் பற்றிய ஐயம், கடன்சொற்களின் வருகை, சொற்பொருள் மாற்றம் ஆகிய பல ஆய்வுகள் எதிர்மறைச் சான்றையே பெரிதும் சார்ந்துள்ளன. ‘இச்சொல் இக்காலத்திற்கு முன் வழக்கில் இல்லை’ என்னும் ஒரு தொடர் ஒரு நூலின் காலத்தையே மாற்றி அமைக்கும் வலிமை உடையது.

அச்சுச் சொல்லடைவுகள் இத்தகைய முடிவுகளுக்கு நெடுங்காலம் துணைநின்றன. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோரின் சங்க இலக்கியச் சொல்லடைவு 1992இல் வெளிவந்தது. இவற்றைத் தொகுத்தவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எங்கே பிரிப்பது, எத்தலைப்பின்கீழ் வைப்பது என்பதைத் தாமே முடிவு செய்தனர். பயன்படுத்துவோர் அம்முடிவுகளை அச்சுப் பக்கத்திலேயே கண்டு, உடன்படவோ மறுக்கவோ இயன்றது.

கணினி அடைவில் இம்முடிவுகள் மென்பொருளின் உள்ளே மறைந்து நிற்கின்றன. அடைவு பல கணினிகளில் பகுக்கப்படும்போது அவை மேலும் ஆழமாக மறைகின்றன. தேடுபெட்டியில் சொல்லை இட்டு, ‘முடிவுகள் 0’ என்னும் விடையைப் பெறும் ஆய்வாளர், அந்தச் சுழியம் எதனால் விளைந்தது என அறிய வேண்டும். அச்சுழியத்தின் பொருளே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. அடைவாக்கம் என்னும் பணியும் அதன் பகிர்வும்

கணினித் தேடலில் பயன்படும் அடைவு ‘தலைகீழ் அடைவு’ எனப்படும். பனுவல் ஒன்றில் எச்சொற்கள் உள்ளன என்பது பனுவலின் இயல்பான அமைப்பு. ஒரு சொல் எப்பனுவல்களில், எவ்விடங்களில் உள்ளது எனத் திருப்பி அமைப்பது தலைகீழ் அடைவு. அச்சுச் சொல்லடைவின் அமைப்பும் இதுவே. கணினித் துறை இதனைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பழைய அமைப்பை விரைவுபடுத்தியது.

பணியைப் பலரிடம் பகிர்ந்தளிப்பதும் பழைய வழக்கமே. 13ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரின் டொமினிக்கன் துறவியர் ஹியூ என்பாரின் தலைமையில் கூடி உழைத்து, இலத்தீன் விவிலியத்திற்குச் சொல்லடைவு அமைத்தனர். 1949இல் இராபர்ட்டோ புசா என்னும் இத்தாலியத் துறவி, தாமசு அக்குவினாசின் படைப்புகளுக்கு ஐபிஎம் நிறுவனத்தின் துளையட்டைப் பொறிகளைக்கொண்டு சொல்லடைவு அமைக்கத் தொடங்கினார். அது பின்னர் 56 அச்சுத் தொகுதிகளாக விரிந்தது.

கையால் சொல்லடைவு தொகுக்கும் முறையை மூன்று படிகளாகப் பிரித்துக் காணலாம். முதற்படியில் நூலைப் பகுதிகளாக்கிப் பலரிடம் கொடுக்க, ஒவ்வொருவரும் தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு எழுதுவர். இரண்டாம் படியில் அனைவரின் சீட்டுகளும் அகரவரிசைப்படி வெவ்வேறு பெட்டிகளில் இடப்படும். மூன்றாம் படியில் ஒவ்வொரு பெட்டிக்கும் பொறுப்பானவர் ஒரே சொல்லின் சீட்டுகளை இணைத்து ஒரு பதிவாக எழுதுவார். ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் ஆகிய இருவரும் 2004இல் வெளியிட்ட ‘மேப்ரெடியூஸ்’ என்னும் கணிமுறை இம்மூன்று படிகளையே கணினிக் கொத்துக்கு உரியதாக்குகிறது. கூகுள் நிறுவனத்தின் தேடல் அடைவு இம்முறையில் மீண்டும் எழுதப்பட்டது என்றும், அதில் செலுத்தப்பட்ட மூல ஆவணங்கள் 20 டெராபைட்டுக்கு மேற்பட்டவை என்றும், ஒரு கட்டத்தின் நிரல் ஏறத்தாழ 3800 வரிகளிலிருந்து 700 வரிகளாகச் சுருங்கியது என்றும் அவர்கள் குறிப்பிட்டுள்ளனர். பணியைப் பகுத்தல், பழுதான கணினியின் பணியை வேறொன்றிடம் தருதல் ஆகியவற்றை அடிப்படை மென்பொருளே ஏற்றுக்கொண்டமையால் இச்சுருக்கம் நிகழ்ந்தது.

பொதுவெளியில் கிடைக்கும் கருவிகளும் இதே வழியில் வளர்ந்தன. டக் கட்டிங் உருவாக்கிய லூசீன் என்னும் அடைவு நிரலகம், ஒரு கணினியில் தலைகீழ் அடைவை அமைப்பது. அவரே பங்கேற்று உருவாக்கிய ஹடூப் 2006 முதல் மேப்ரெடியூஸ் முறையைப் பொதுப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. 2010இல் வெளிவந்த எலாஸ்டிக்சர்ச், லூசீன் அடைவுகள் பலவற்றைப் பல கணினிகளில் வைத்து ஒரே அடைவுபோல் இயக்குகிறது. அதில் ஒவ்வொரு பகுதியும் ‘துண்டு’ எனவும், கொத்திலுள்ள ஒவ்வொரு கணினியும் ‘கணு’ எனவும் வழங்கப்படும்.

3. தமிழுக்குக் கணினிக் கொத்து வேண்டுமா?

சங்க இலக்கியத்தின் 2381 பாடல்களை மட்டும் அடைவாக்க ஒரு மடிக்கணினியே மிகை. இலக்கியப் பனுவல்களோடு நாளிதழ்கள், பருவ இதழ்கள், அரசு ஆவணங்கள் ஆகியவற்றின் பக்கப் படிமங்களிலிருந்து எழுத்துணரி வழியாகப் பெறப்படும் பனுவல்களும் சேரும்போது நிலை மாறுகிறது.

ஒரு கோடிப் பக்கங்கள் உள்ளதாகக் கொள்க. பக்கத்திற்கு 2000 குறியீடுகள் எனின், ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் மொத்தம் ஏறத்தாழ 60 ஜிகாபைட்டு ஆகும். இதுவும் ஒரு கணினியில் அடங்கும் அளவே. ஆனால் பக்கத்திற்கு 200 சொற்கள் வீதம் 200 கோடிச் சொற்களையும் உருபனியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தி, ஒரு சொல்லுக்கு நொடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் செலவாகும் எனின், ஒரே செயலிக்கு 231 நாள் வேண்டும். 100 செயலிகள் பகிர்ந்துகொண்டால் இரண்டரை நாளுக்குள் முடியும்.

இக்கணக்கு உணர்த்தும் செய்தி ஒன்று உண்டு. தமிழில் கணினிக் கொத்தின் தேவை பெரும்பாலும் பனுவலின் அளவிலிருந்து பிறப்பதில்லை. சொல்லைப் பகுத்தறியும் இலக்கணப் பணியிலிருந்து பிறக்கிறது. பகுப்பாய்வு விதி ஒன்றைத் திருத்தினால் அப்பணி முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். ஆகவே விதிகளை முன்பே தெளிவாக வகுத்தல் பொருட்செலவையும் தீர்மானிக்கிறது.

4. எழுத்து நிலைத் தீர்மானங்கள்

அடைவு மென்பொருள் எழுத்தின் வடிவத்தைக் காண்பதில்லை. குறியீட்டு எண்களையே காண்கிறது. ‘தமிழ்’ என்னும் சொல் தொல்காப்பியர் வழியில் மூன்றெழுத்து. ஒருங்குறியில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் ‘எழுத்து’ என்னும் வகையில் அடங்காமல் ‘குறி’ என்னும் தனிவகையில் அடங்குகின்றன. எழுத்து வகையை மட்டும் ஏற்கும் நிரல்விதி இச்சொல்லைத் ‘தம’, ‘ழ’ என இரண்டாக வெட்டும். அவ்வாறு அமைந்த அடைவில் ‘தமிழ்’ என்னும் சொல்லே இராது.

ஒரே வடிவத்திற்கு இருவேறு குறியீட்டு வரிசைகள் அமைவது அடுத்த சிக்கல். ‘கொ’ என்பதைக் ககரத்துடன் ஒகரக் குறி என்னும் ஒற்றைக் குறியீட்டைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் ஆகிய இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். ஒருங்குறி இவ்விரண்டையும் நிகரானவை என வரையறுத்துள்ளது. ஆதலின் சீர்மையாக்கம் என்னும் வழமையான செயல்முறையால் இவை ஒன்றாகிவிடும்.

‘கௌ’ என்பதன் நிலை வேறு. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ளகர எழுத்தையும் இட்டுக் ‘கெள’ எனத் தட்டச்சு செய்வது பரவலாக உள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒருங்குறி இவற்றை நிகராகக் கொள்வதில்லை. வழமையான சீர்மையாக்கம் இதனைத் திருத்தாது. எகரக் குறியை அடுத்து வரும் ளகரத்தை எல்லா இடத்தும் ஔகாரமாக மாற்றினால் ‘தெளிவு’, ‘வெள்ளி’, ‘கெளிறு’ முதலிய சொற்கள் சிதையும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின் அது உண்மையான ளகரம் என்பது ஒரு விதி. எஞ்சியவற்றை அகராதியோடு ஒப்பிட்டே தீர்மானிக்க முடியும். இவ்வாறே ‘க’ என்னும் எழுத்தும் ‘௧’ என்னும் எண்ணும் வடிவில் ஒத்துக் குறியீட்டில் வேறுபடுகின்றன.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உள்ளிட்ட முன்னோடி முயற்சிகளின் மின்பனுவல்கள் டிஸ்கி போன்ற பழைய குறியேற்றங்களில் அமைந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கருவிகளால் மாற்றப்பட்ட பனுவல்களை ஒரே அடைவில் சேர்க்கும்போது இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒருங்கே வந்து சேரும். அவற்றை அடைவாக்கத்திற்கு முன் ஒருமைப்படுத்தாவிடின், ஒரு சொல் இரண்டு அல்லது மூன்று தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். தேடுவோர் அவற்றுள் ஒன்றையே காண்பார்.

5. சொல்லெல்லைத் தீர்மானங்கள்

பொதுவான அடைவு மென்பொருள் இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொள்கிறது. தமிழ் உரைநடைக்கு இது ஓரளவு பொருந்தும். செய்யுளுக்கு இது பொருந்தாது. மரபான செய்யுள் பதிப்புகளில் இடைவெளி சீரின் எல்லையைக் காட்டுகிறது. சொல்லின் எல்லையைக் காட்டுவதில்லை.

யாப்பிலக்கணத்தார் ‘வகையுளி’ என வழங்குவது இவ்விடத்தில் முதன்மை பெறுகிறது. ஓசை பிழையாமைப் பொருட்டு ஒரு சொல் பிளவுபட்டு முன்சீரிலும் பின்சீரிலும் நிற்பது வகையுளி. எடுத்துக்காட்டாகக் ‘கருங்குவளை’ என்பது ஒரு செய்யுளடியில் ‘கருங்கு’ எனவும் ‘வளை’ எனவும் இரு சீர்களில் பிரிந்து நிற்பதாகக் கொள்க. அடைவில் ‘வளை’ என்னும் பதிவு உண்டாகும்; ‘குவளை’ என்னும் பதிவு உண்டாகாது. இல்லாத சொல் இருப்பதாகவும் இருக்கும் சொல் இல்லாததாகவும் ஒரே பிளவு காட்டிவிடும். மலர்ப்பெயர்களைத் தொகுப்பவர் ஓரிடத்தை இழப்பார். அணிகலன்களைத் தொகுப்பவர் ஓரிடத்தைப் பிழையாகப் பெறுவார்.

புணர்ச்சி விகாரங்கள் மூன்றும் அடைவில் வெவ்வேறு விளைவைத் தருகின்றன. தோன்றல் விகாரத்தில் ‘மலையருவி’ என்பதிலிருந்து ‘அருவி’யைப் பெற யகர உடம்படுமெய்யை நீக்க வேண்டும். திரிதல் விகாரத்தில் ‘பொற்குடம்’ என்பது ‘பொன்’ என்னும் தலைப்பிலும், ‘மட்குடம்’ என்பது ‘மண்’ என்னும் தலைப்பிலும் இடம்பெற வேண்டும். கெடுதல் விகாரத்தில் ‘மரவேர்’ என்பதிலிருந்து ‘மரம்’ என்பதன் மகரத்தை மீட்க வேண்டும். சொல்லின் தொடக்க எழுத்துகளைக்கொண்டு தேடும் முறை இவற்றுள் ‘அருவி’, ‘பொன்’, ‘மண்’ ஆகியவற்றைத் தவறவிடும்.

உருபுகளை நீக்கி அடிச்சொல்லைப் பெறும் மென்பொருள்கள் தமிழுக்கும் உள்ளன. ஸ்னோபால் என்னும் நிரல்தொகுப்பில் தமிழுக்குரிய பிரிப்பி இடம்பெற்றுள்ளது. இத்தகைய கருவிகள் செய்தித் தேடலுக்குப் பெரிதும் உதவுவன. இலக்கிய ஆய்வில் அவற்றைக் கண்காணிப்பின்றிப் பயன்படுத்துவது இடர்தரும். ‘பாலை’ என்பது திணைப்பெயராகவும் இருக்கலாம். ‘பால்’ என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவாகவும் இருக்கலாம். ‘வேலை’ என்பது பணியையோ கடலையோ குறிக்கும் பெயராகவும் ‘வேல்’ என்பதன் வேற்றுமை வடிவாகவும் அமையும். ‘மாலை’ என்பதற்கும் இதே நிலை. ஐகாரத்தை எங்கும் உருபாகக் கருதி நீக்கும் விதி, திணைப்பெயர் ஒன்றையே அடைவிலிருந்து அழித்துவிடும்.

இதற்குத் தக்க தீர்வு ஒரே இடத்தில் பல பதிவுகளை வைத்தல் ஆகும். தலைகீழ் அடைவில் ஒவ்வொரு பதிவுக்கும் இடவெண் உண்டு. ஒரே இடவெண்ணில் பனுவலில் உள்ள வடிவம், புணர்ச்சி பிரித்த வடிவம், அடிச்சொல் ஆகிய மூன்றையும் தனித்தனிப் புலங்களில் பதிவு செய்யலாம். ‘பாலை’ என்பதற்கு அடிச்சொல் புலத்தில் ‘பாலை’, ‘பால்’ ஆகிய இரண்டும் இடம்பெறும். எது பொருந்தும் என்னும் முடிவு மென்பொருளிடம் விடப்படாமல் ஆய்வாளரிடம் வந்து சேரும். அடைவின் அளவு சில மடங்கு பெருகும். கணினிக் கொத்தின் உண்மையான பயன் இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது: அளவைப் பற்றிய கவலையின்றி ஐயத்திற்குரிய பிரிப்புகள் அனைத்தையும் பேணிக்காக்க அது இடந்தருகிறது.

6. துண்டுகளாகப் பகுக்கப்பட்ட அடைவில் எண்ணிக்கை

எழுத்தும் சொல்லும் சீர்பெற்ற பின்னும், அடைவு பகுக்கப்பட்டிருப்பதாலேயே எழும் சிக்கல்கள் சில உள்ளன. அவற்றுள் முதன்மையானது எண்ணிக்கை.

ஒரு குறிப்பிட்ட சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது எனக் கேட்டால், ஒவ்வொரு துண்டும் தன் எண்ணிக்கையைத் தரும். கூட்டுத்தொகை சரியாக இருக்கும். மிகுதியாகப் பயிலும் சொற்களின் பட்டியலைக் கேட்டால் நிலை வேறு. ஒவ்வொரு துண்டும் தன்னிடம் முன்னிற்கும் சில சொற்களை மட்டுமே அனுப்பும். மூன்று துண்டுகள் உள்ளதாகவும் ஒவ்வொன்றும் முதலிரு சொற்களை அனுப்புவதாகவும் கொள்க. முதல் துண்டில் மலை 60, யானை 50, கடல் 49, குதிரை 5. இரண்டாம் துண்டில் குதிரை 60, மலை 50, கடல் 49, யானை 5. மூன்றாம் துண்டில் யானை 60, குதிரை 50, கடல் 49, மலை 5. தொகுக்கப்பட்ட பட்டியலில் மலை, யானை, குதிரை ஆகிய மூன்றும் 110 எனக் காணப்படும். உண்மையில் அவை ஒவ்வொன்றும் 115. முழுத்தொகையில் 147 முறை வந்து முதலிடம் பெற வேண்டிய ‘கடல்’ பட்டியலில் இடம்பெறாமலே போகும்.

இவ்வியல்பை மென்பொருளாக்குநர் அறிந்தே உள்ளனர். எலாஸ்டிக்சர்ச் ஒவ்வொரு துண்டிடமும் கேட்ட எண்ணிக்கையின் ஒன்றரை மடங்குடன் 10 கூட்டிய அளவு சொற்களைப் பெற்றுப் பிழையைக் குறைக்கிறது. பிழையின் மேல்வரம்பையும் விடையோடு தருகிறது. அம்மேல்வரம்பு ஆய்வாளர் காணும் திரைக்கு வராமல் இடையிலேயே நின்றுவிடக்கூடும். சொல்வருகைப் பட்டியலைக்கொண்டு புலவர் நடையையோ நூலின் காலத்தையோ ஒப்பிடுவோர் இதனைக் கேட்டறிதல் இன்றியமையாதது. அம்மென்பொருளின் 7ஆம் பதிப்பு முதல், பொருந்திய ஆவணங்களின் மொத்த எண்ணிக்கையும் தனியாகக் கேட்டாலன்றி 10,000 வரையே துல்லியமாகத் தரப்படுகிறது. அதற்கு மேற்பட்டவை ‘10,000 அல்லது அதற்கு மேல்’ என்றே குறிக்கப்படும்.

தேடல் முடிவுகளின் வரிசையிலும் இதே சிக்கல் உண்டு. அரிதாக வரும் சொல்லுக்கு மிகுந்த மதிப்பளிக்கும் முறையை கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் முன்வைத்தார். இன்றைய தேடல் மென்பொருள்கள் அதன் வழிவந்த வாய்பாடுகளைக் கையாள்கின்றன. சொல்லின் அருமை இயல்பாக ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. சங்க நூல்கள் ஒரு துண்டு, பக்தி இலக்கியம் ஒரு துண்டு, இதழ்கள் ஒரு துண்டு எனக் காலமுறைப்படி பகுப்பது தமிழாய்வாளருக்கு இயல்பாகத் தோன்றும். அவ்வாறு பகுத்தால் ‘இறைவன்’ போன்ற ஒரு சொல் ஒரு துண்டில் மலிந்தும் மற்றொன்றில் அருகியும் நின்று, மதிப்புகள் ஒப்பிட இயலாதனவாகிவிடும். ஆவணத்தின் அடையாளத்திலிருந்து பெறும் எண்ணைத் துண்டுகளின் தொகையால் வகுத்து, மீதியைக்கொண்டு துண்டைத் தீர்மானிப்பதே வழக்கமான முறை. அது பனுவல்களைச் சமமாகக் கலந்துவைக்கிறது. காலப்பகுப்பைத் துண்டாகக் கொள்ளாமல் ஆவணத்தின் விவரக்குறிப்பாகப் பதிவதே தகும்.

7. செயலிழப்பும் மீள்செயலும்

பல கணினிகள் சேர்ந்தியங்கும் அமைப்பில் ஏதேனும் ஒன்று பழுதாவது இயல்பான நிகழ்வு. இதனை எதிர்நோக்கியே ஒவ்வொரு துண்டுக்கும் நகல் வேறொரு கணுவில் வைக்கப்படுகிறது. மூன்று கணுக்கள் கொண்ட கொத்தில் ஒன்று வீழ்ந்தால், எஞ்சிய இரண்டு பெரும்பான்மையாக நின்று பணியைத் தொடரும். இரண்டாகப் பிளந்த கொத்தின் ஒவ்வொரு பகுதியும் தன்னையே முழுமை எனக் கருதிச் செயற்படாமல் இருக்க இப்பெரும்பான்மை விதி உதவுகிறது.

நகல் இல்லாத துண்டு ஒன்று செயலிழந்தால், எலாஸ்டிக்சர்ச் தன் இயல்பமைப்பில் பிழை எனக் கூறி நிற்பதில்லை. கிடைத்த துண்டுகளின் விடையைத் தந்துவிடும். மொத்தத் துண்டுகள் எத்தனை, விடை தந்தவை எத்தனை, தவறியவை எத்தனை என்னும் விவரம் விடையின் உள்ளே இருக்கும். ஐந்து துண்டுகளில் ஒன்று தவறியிருப்பின், நூற்றொகை முழுவதிலும் ஒரே ஒரு முறை வரும் சொல் அத்தவறிய துண்டில் இருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. அரிய சொற்களை ஆராய்வோருக்கு இது சிறிய பங்கு அன்று. பலமுறை வரும் சொல்லில் ஓரிடம் குறைந்தாலும் முடிவு பெரிதும் மாறாது. ஒருமுறை வரும் சொல்லில் ‘உண்டு’ என்பது ‘இல்லை’ எனவே மாறிவிடும்.

இதற்கு நேர்மாறான பிழை மிகையெண்ணல். கொத்தில் ஒரு பணி இடையில் நின்றால் அது மீண்டும் செய்யப்படும். நின்ற பணி அதற்குள் பாதிப் பனுவல்களை அடைவில் எழுதியிருக்கலாம். ஒவ்வொரு ஆவணத்திற்கும் மென்பொருளே புதிய அடையாளம் வழங்கும் முறையில், அதே பாடல் இருமுறை அடைவில் ஏறும், சொல்வருகை இரட்டிக்கும். நூற்பெயர், பதிப்பு, பாடலெண் ஆகியவற்றால் அமைந்த நிலையான அடையாளத்தை முன்பே வழங்கிவிட்டால், இரண்டாம் முறை எழுதப்படுவது முதலாவதன்மேல் பதிந்து ஒன்றாகவே நிற்கும். பாடலெண், அடியெண் குறிக்கும் தமிழ்ப் பதிப்பு மரபு இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. பதிப்பையும் அடையாளத்தில் சேர்ப்பதால் பாடவேறுபாடுகள் ஒன்றையொன்று அழிக்கா.

மூன்றாவதாக, எல்லாக் கணினிகளும் ஒரே பகுப்பாய்வு விதிகளையும் ஒரே அகராதியையும் கொண்டிருத்தல் வேண்டும். ஒரு கணினியில் மட்டும் பழைய அகராதி தங்கிவிட்டால், அதன்வழிச் சென்ற பனுவல்கள் மட்டும் வேறு தலைப்புகளில் பதியும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. தேடுசொல்லும் அடைவாக்கத்தில் கையாண்ட அதே விதிகளால் பகுக்கப்பட வேண்டும். இல்லையேல் அடைவு சரியாக இருந்தும் தேடல் தவறும். விதிகளை மாற்றும்போது பழைய அடைவைத் திருத்தாமல், புதிய அடைவைத் தனியே முழுமையாக அமைத்துச் சோதித்தபின் தேடலை அதன்பால் திருப்புவதே பாதுகாப்பான முறை. பழைய அடைவையும் பேணிவந்தால், முன்னர் வெளியான ஆய்வுமுடிவுகளைச் சரிபார்க்க அது உதவும்.

8. சோதனை முறைகள்

‘இல்லை’ என்னும் விடையை ஏற்கும் முன் செய்யத்தக்க சோதனைகள் நான்கு.

முதலாவது, கூட்டுச் சோதனை. அடைவாக்கத்திற்கு அனுப்பப்பட்ட பாடல்களின் எண்ணிக்கையும் எல்லாத் துண்டுகளிலும் உள்ள ஆவணங்களின் கூட்டுத்தொகையும் ஒத்திருத்தல் வேண்டும். குறையின் இழப்பு; மிகின் இரட்டிப்பு. இழப்பும் இரட்டிப்பும் ஒருங்கே நிகழ்ந்து தொகை தற்செயலாக ஒத்துவிடவும் கூடும் என்பதால், ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியே இதனைச் செய்தல் நலம்.

இரண்டாவது, அறிந்த சொல்லால் சோதித்தல். அச்சுச் சொல்லடைவுகளிலிருந்து ஒரே ஒருமுறை வரும் சொற்கள் சிலவற்றைத் தேர்ந்து, கணினி அடைவில் தேட வேண்டும். அவை அனைத்தும் கிடைக்குமாயின் அறியாத சொல் பற்றிய விடைக்கும் மதிப்பு உண்டு. புலமை உழைப்பால் உருவான அச்சு அடைவுகள் இவ்வாறு கணினி அடைவின் உரைகல்லாகின்றன.

மூன்றாவது, வடிவ மாற்றுச் சோதனை. தேடும் சொல்லின் புணர்ச்சி வடிவங்கள், வேற்றுமை வடிவங்கள், பிழைபடத் தட்டச்சு செய்யப்படும் வடிவங்கள், வகையுளியால் பிளந்து நிற்கக்கூடிய பகுதிகள் ஆகியவற்றைத் தனித்தனியே பகுப்பாய்வு செய்யப்படாத புலத்தில் தேட வேண்டும்.

நான்காவது, துண்டுச் சோதனை. விடையோடு வரும் துண்டு விவரத்தில் மொத்தமும் விடை தந்தவையும் ஒத்துள்ளனவா எனக் காண வேண்டும். கொத்தை நிருவகிப்போர் பகுதி விடைகளைத் தடைசெய்து, ஒரு துண்டு தவறினும் தேடல் முழுவதும் தோல்வி எனக் காட்டுமாறு அமைக்கலாம். செய்தித் தளத்திற்கு அவ்வமைப்பு இடையூறு. ஆய்வு அடைவுக்கு அதுவே உரியது. ஆய்வாளருக்குக் குறைவிடையைவிட விடையின்மை மேலானது.

9. முடிவுரை

பகிர்நிலைக் கணினிக் கொத்து அடைவாக்கத்தின் வேகத்தைப் பெருக்குகிறது. அடைவின் இலக்கணத்தை அது திருத்துவதில்லை. எழுத்துக் குறியீட்டை ஒருமைப்படுத்தல், சீரையும் சொல்லையும் வேறுபடுத்தல், புணர்ச்சியைப் பிரித்தல், ஐயத்திற்குரிய பிரிப்புகளை உடன்வைத்தல் ஆகியன தமிழ்ப் புலமையின் பொறுப்பில் அமைந்த தீர்மானங்கள். அவை தவறாக அமையின், நூறு கணினிகளும் ஒரே தவற்றை நூறு மடங்கு விரைவாகச் செய்து முடிக்கும். துண்டு, நகல், கணு, மீள்செயல் என்பன பொறியியல் செய்திகளாகத் தோன்றினும், ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் ஆய்வுமுடிவுகளை மாற்றும் ஆற்றல் உடையன. ஆதலின் அவையும் ஆய்வாளர் அறிய வேண்டியன.

கணினி அடைவைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடுகளில் பனுவல்களின் பதிப்பு, சீர்மையாக்க விதி, சொற்பிரிப்பு விதி, அடைவு அமைந்த நாள், விடை தந்த துண்டுகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தும் குறிக்கப்படுதல் வேண்டும். நூலின் பதிப்பாண்டைக் குறிப்பது எவ்வாறு நெறியாயிற்றோ அவ்வாறே இதுவும் நெறியாதல் தகும். இவ்விவரங்கள் உடனிருக்கும்போதுதான் ‘இச்சொல் இல்லை’ என்னும் கூற்றைப் பிறரொருவர் மீண்டும் சோதித்து, ஏற்கவோ மறுக்கவோ இயலும்.